சனி சேர்த்தா, சேர்க்காமலா?

என் தம்பி பொண்டாட்டியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். 'வரைக்கும்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குக் காலை டியூட்டி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கேட்டுவிடுவாள்: "வெள்ளி சேர்த்தா, சேர்க்காமலா அண்ணி?" அவள் வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், இதில் என்ன கேள்வி வேண்டிக் கிடக்கிறது என்று முணுமுணுப்பேன். கொஞ்ச நேரம் யோசித்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த எரிச்சலில் நான் வைத்த பெயர்தான் 'நுணுக்கு'. இப்போது வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவள் பெற்ற மகள் உட்பட.

தம்பிக்கு அவள் கிடைத்ததே இந்த வார்த்தையால்தான். அவன் வேன் ஓட்டுகிறவன். எந்தக் காரியத்தையும் கடைசி நாளில் செய்கிறவன். லைசென்ஸ் புதுப்பிக்க முப்பதாம் தேதி வரை என்று போட்டிருந்தால் முப்பதாம் தேதி மத்தியானம்தான் போய் நிற்பான். அப்படித்தான் போய் நின்றான். கவுண்டரில் இருந்தவர், "நேத்தோட முடிஞ்சு போச்சு தம்பி" என்று கையை விரித்துவிட்டார். இவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்த கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "சார், 'வரை'ன்னு போட்டா அந்த நாளும் சேர்த்திதான். சேராதுன்னா 'முன்'னு போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் உள்ளே போய்விட்டாளாம். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லைசென்ஸ் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். லைசென்ஸ் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசி போடும் நர்ஸ். தம்பி குடியிருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறேன், சாப்பாடு மட்டும் கீழே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவளுக்குக் கோபமே வராது, கேள்விதான் வரும். "உப்பு கொஞ்சம் போடு" என்றால் கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு, "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று நிற்பாள். "என் தம்பி பொண்ணைக் கட்டிக்கிட்டு வரல, ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று என் தோழியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு குழந்தை பிறந்தது, மாதம் நிறைவதற்கு முன்பே. கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பிடி அளவு உயிர். இத்தனை குழந்தைகளைப் பார்த்த நானே ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. பெட்டியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பால் எத்தனை மில்லி, எடை ஏறியதா, அடுத்த டாக்டர் எப்போது வருவார் என்று வார்டு நர்ஸ்களைக் கேட்டுக் கேட்டு ஒரு வழி பண்ணிவிட்டாள். அவர்கள் முகத்தைச் சுளித்தபோது நான்தான் சண்டைக்குப் போனேன். "அவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. அவ அழுறதே அப்படித்தான்" என்றேன். அதைக் கேட்டதும் அவள் திரும்பி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி. என் வாய் மட்டும் இன்றுவரை நாத்தனார் வாய்தான்.

குழந்தை தேறியபின் அவள் எங்கள் தடுப்பூசி நிலையத்துக்கே வேலைக்கு வந்தாள். முன்பக்கம் நாங்கள் ஊசி போடுவோம். பின்பக்கம், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிகளை ஒட்டி, ஜன்னல் இல்லாத சின்ன அறை அவளுடையது. அந்தச் சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும். வெயில் கொளுத்தும் நாளிலும் ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்களைப் போன்ற எல்லா நிலையங்களிலும், எந்தக் குழந்தைக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த ஊசி என்பதெல்லாம் வந்து விழும் இடம் அவளுடைய கம்ப்யூட்டர்தான். அதற்கு 'டேபிள்' என்று பெயராம். முதலில் சொன்னபோது நான் மேசையைத்தான் பார்த்தேன்.

அந்த டேபிளில் ஒருவருடைய பெயரைச் சொல்லித் தேடினால் சட்டென்று வந்துவிடும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை யார் யார் என்று கேட்டால்தான் வம்பு. திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் 'நேரம் கடந்துவிட்டது' என்று ஒரு வரி இருக்கும். எங்களைத் திட்டுவது போலவே இருக்கும். அந்தத் தேடலை எழுதிவைத்த ஆள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

"அதுல கோடிக்கணக்கான வரி இருக்கு அண்ணி" என்று ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். "எல்லாத்துக்கும் நாள், மணி வரிசைப்படி ஒரு இண்டெக்ஸ் இருக்கு. நேரா அந்த இடத்துக்குப் போயிடலாம். ஆனா பழைய ஆளு எப்படி எழுதியிருக்கார்னா, ஒவ்வொரு வரிகிட்டயும் போயி, 'மணியைக் கழட்டி வச்சிட்டு தேதியை மட்டும் காட்டு'ன்னு கேக்குது. அப்படிக் கேட்டா இண்டெக்ஸ் உதவாது. சீட் நம்பர் போட்ட தியேட்டர்ல ஒரு வரிசையைத் தேடறதுக்கு, உக்காந்திருக்கிற அத்தனை பேரையும் எழுப்பி டிக்கெட்டைக் காட்டச் சொன்னா எப்படி இருக்கும்?"

"படம் முடிஞ்சிடும்" என்றேன்.

"அதான் இங்க தினமும் நடக்குது. சரி பண்ண ஒரு நாள் குடுங்கன்னு கேக்கறேன். தர மாட்டேங்கறாங்க."

அந்த நாள் தானாக வந்தது, யாரும் விரும்பாத விதத்தில். ஒரு புதன்கிழமை காலை, பாப்பா போகும் நர்சரிப் பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்று செய்தி வந்தது. எங்கள் பாப்பாவுக்கு அந்த ஊசியை முந்தின சனிக்கிழமைதான் போட்டிருந்தோம். ஒரு வயதிலேயே போட வேண்டியது. குறை மாதத்தில் பிறந்தவள், ஓயாமல் ஏதாவது நோவு, டாக்டர் தள்ளிப் போடச் சொல்லித் தள்ளிப் போடச் சொல்லி மூன்றரை வயது ஆகிவிட்டது. நானேதான் போட்டேன். என் கையைக் கடித்து வைத்தாள். நல்லவேளை, போட்டாயிற்றே என்று மூச்சுவிட்டோம்.

அதே புதன்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் குளிர்ப்பெட்டியின் அளவுகளைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். போன வாரம் முழுவதும் ஒரு பெட்டிக்குள் குளிரே இல்லை. விளக்கு எரிந்திருக்கிறது, விசிறி சத்தம் போட்டிருக்கிறது, மருந்து மட்டும் கெட்டிருக்கிறது. பலகையில் எழுதிப் போட்டார்: திங்கள் முதல் சனி வரை போட்ட தட்டம்மை ஊசிகள் செல்லாது, எல்லோரையும் திரும்ப அழைக்க வேண்டும்.

நுணுக்கு பலகையின் முன்னால் நின்றுவிட்டாள். நான் அவள் காதருகில் சொன்னேன். "மாசா மாசம் சரிபார்க்க வர்ற மெக்கானிக் சனிக்கிழமை காலையிலேயே வந்துட்டான்டி. நான் ஊசி போடும்போது பெட்டிக்கு அடியில அவன் கால் ரெண்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சனி சேராது."

"டாக்டர்கிட்டயே கேட்டுடறேன் அண்ணி" என்று திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், "முதல்ல லிஸ்டை எடும்மா. கேள்வியெல்லாம் அப்புறம்" என்றார்.

லிஸ்ட் வரவில்லை. வட்டம்தான் சுற்றியது. மூன்று தடவை சுற்றி மூன்று தடவையும் செத்தது. அம்மை பரவிக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் லிஸ்ட் தர மாட்டேன் என்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் மூச்சு கழுத்தில் பட்டால் எனக்கே கை ஓடாது. அவள் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தப் பழைய ஆள் எழுதிவைத்த வரியைத் திறந்து, 'மணியைக் கழட்டு' என்ற பகுதியை எடுத்துவிட்டாள். டாக்டர் குனிந்து தேதிகளைத் தானே தட்டினார். திங்கள் முதல். சனி வரை. பட்டனை அமுக்கினார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் லிஸ்ட் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினோம். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத டாக்டர், தானே போய் அவளுக்கு ஒரு டீ எடுத்து வந்து வைத்தார். லிஸ்ட் பக்கம் பக்கமாக ஓடியது. அதில் எங்கள் பாப்பாவின் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பார்த்தாயா, நான் சொன்னேனே, டாக்டரும் சனியை விட்டுவிட்டார் என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் டீயைக் குடிக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டோடு வைத்திருந்த பாப்பாவை வெள்ளிக்கிழமை மறுபடி பள்ளிக்கு அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பிறந்தநாள். தம்பி அவளுக்குப் புதுச் சட்டை போட்டு, தலையில் இரண்டு கிளிப் மாட்டி, வேனில் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சாப்பிட உட்கார்ந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் என் தோழி போன் பண்ணினாள். வருகிற வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கப் போகிறாளாம். "வியாழன் வரைக்கும் இருப்பேன்" என்றாள். எனக்குக் குறும்பு பொத்துக்கொண்டு வந்தது. நுணுக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனில் கேட்டேன். "வியாழன் சேர்த்தா, சேர்க்காமலா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி?"

"மணியைக் கழட்டுன்னு இருந்ததை நான் எடுத்துட்டேன் அண்ணி."

"எடுத்ததாலதானே வேகமா வந்துச்சு?"

"ஆமா." எழுந்து கையைக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள், என்னிடமா அவளுக்குள்ளா என்று தெரியவில்லை. "மணியைக் கழட்டினா சனிக்கிழமைங்கறது முழு நாள். கழட்டலைன்னா மெஷினுக்குச் சனிங்கறது சனி தொடங்கற ராத்திரி பன்னெண்டு மணி, அந்த ஒரு நொடிதான். அது வரைக்கும்தான் எடுத்திருக்கு. விடிஞ்சதுக்கு அப்புறம் வந்த குழந்தைங்க எல்லாம் கதவுக்கு வெளிய. பழசு மெதுவா இருந்துச்சு, ஆனா சரியா இருந்துச்சு. நான் வேகமாக்கித் தப்பாக்கிட்டேன்."

பாதியும் எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமாக இருந்தது. தட்டை மூடக்கூட இல்லை, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினோம்.

ஞாயிற்றுக்கிழமையில் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் உட்கார்ந்தாள். 'சனி வரை' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'ஞாயிறுக்கு முன்' என்று மாற்றினாள். அன்று கவுண்டரில் முப்பதாம் தேதிக்கு 'வரை' வேறு, 'முன்' வேறு என்று பாடம் நடத்திய மகராசி. நான் அதைச் சொல்லவில்லை. என் வாய்க்கும் சில இடங்களில் பூட்டு உண்டு. பட்டனை அமுக்கினாள். அதே வேகத்தில் லிஸ்ட் வந்தது, இந்தத் தடவை மூன்று பக்கம் கூடுதலாக. சனிக்கிழமை காலையிலிருந்து வந்த குழந்தைகள் எல்லோரும் மணி வரிசைப்படி நின்றார்கள். அந்த மூன்றில் முதல் பக்கத்தில் நாலாவதாக எங்கள் பாப்பா.

"நீ எதையும் சரிபார்க்காம விடமாட்டியேடி" என்றேன். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"பார்த்தேன் அண்ணி. லிஸ்ட் வந்ததும் பாப்பா பேரைத்தான் முதல்ல தேடினேன். இல்லைன்னதும் வேற எதையும் பார்க்கத் தோணல."

அவள் அழவில்லை. கேள்வி கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஏதோ சொன்னேன். என் காதுக்கே அது வெறும் சத்தமாக விழுந்தது.

டாக்டருக்கு அவளே போன் பண்ணினாள். வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார். "சனி சேர்த்துத்தானே நான் சொன்னேன்? மெக்கானிக் பெட்டியைக் காலையில பிரிச்சவன், சாயங்காலம்தான் மூடினான்" என்றார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "தப்பு என்னோடது சார். வரியை நான்தான் மாத்தினேன். கடைசி நாள் விட்டுப்போச்சு. உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்க வேண்டியிருந்துச்சு, அதையும் கேக்கல" என்றாள். ஒரு சத்தம் போடப் போகிறார், நாமும் பதிலுக்குப் போட வேண்டியதுதான் என்று நான் தயாராக நின்றேன். அவர் லிஸ்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "கடைசிப் பக்கத்துல என்ன தேதி இருக்குன்னு நானும் பார்க்கலம்மா" என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். இன்றைக்கே போட்டுவிட்டால் இன்னும் காப்பாற்ற வழி இருக்கிறது, ஆறு மணிக்குள் எல்லோரையும் வரவழையுங்கள் என்று சொல்லி, பேச வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். அன்று சனிக்கிழமைக் குழந்தைகள் அத்தனை பேரும் வந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் வெளியூர் போயிருந்தது, அங்கேயே போடச் செய்தோம். அவர்களில் யாருக்கும் அம்மை வரவில்லை. ஆனால் அந்த மத்தியானம் எங்களுக்கு அது தெரியாது.

அந்த மூன்று பக்கங்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். முதல் பக்கம் அவளுக்கு வந்தது. முதல் மூன்று வீடுகளுக்கும் ஒரே குரலில் பேசினாள். ஒரு அப்பா கத்தினார். போன் எனக்கே கேட்டது. முழுவதும் கேட்டுக்கொண்டு, "ஆமாங்க, கோபப்படறது நியாயம்தான், ஆறு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். நாலாவது பெயருக்கு வந்ததும் நான் கையை நீட்டினேன்.

"குடு, என் தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாம் அண்ணி. என் பக்கத்துல இருக்கு" என்று நம்பரை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பலூன் ஒன்று வெடித்தது. பாப்பாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"சொல்லு நுணுக்கு" என்றான் தம்பி.

"வணக்கம். தடுப்பூசி நிலையத்துல இருந்து பேசறோம். போன வாரம் சனிக்கிழமை உங்க குழந்தைக்கு இங்க ஊசி போட்டிருக்கீங்க."

"ஏய், என்ன விளையாட்டு இது?" என்று சிரித்தான்.

அவள் நிறுத்தவில்லை. "அந்த மருந்து கெட்டுப்போயிருந்தது. போட்டும் பலன் இல்லை. குழந்தையை மத்த குழந்தைங்ககிட்டயிருந்து கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கூட்டிட்டு வரணும். போன தடவை லிஸ்ட் எடுத்தப்ப உங்க குழந்தை பேர் விட்டுப்போச்சு. தப்பு எங்க பக்கம்தான். மன்னிச்சுக்கங்க." கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கீறியது.

கூச்சல் மெல்லக் குறைந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டான் போலிருந்தது. என் தம்பி அவளை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மரியாதை கொடுத்துக் கூப்பிட்டதில்லை.

"சரிங்க மேடம்" என்றான். "இப்பவே தூக்கிட்டு வரேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்தச் சில்லிட்ட சுவரில் நெற்றியை வைத்து, கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கி, "பாதியில எந்திரிச்சு வந்துட்டாடா. வரும்போது ஏதாவது வாங்கிட்டு வா" என்று தம்பியிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள்.